மலையோட்டத்துக்கு ஓர் ஆற்றுப்படை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என்னிடம் முன்னாளிற் படித்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். வந்தவன் உட்காரவில்லை. கையில் நான்காக மடித்த தாள் ஒன்று. மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களுக்கூடாகவும் காட்டு விளிம்புகளுக்கூடாகவும் ஐம்பது கிலோமீற்றர் ஓடும் ஓட்டம் ஒன்றுக்கு அவன் பெயர் கொடுத்திருக்கிறானாம். தெருவிலன்று; கல்லும் வேரும் சேறும் உள்ள ஒற்றையடிப் பாதையில். விடியுமுன் தொடங்கினால் முடிய இருட்டிவிடும் என்றான்.

"அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

"வாப்பா விடுகிறார் இல்லை, சேர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்."

தமிழ்ப் பண்டிதனிடம் எழுத்துப்பிழை பார்க்க வருவார்கள். கலியாண அழைப்பிதழுக்கு வாசகம் கேட்டு வருவார்கள். மீஸான் கல்லில் பெயர் பொறிக்க எழுதித் தரும்படியும் வருவார்கள். ஓட்டப்போட்டிக்குப் பரிந்துரை கேட்டு வந்தவன் இவன் ஒருவனே. ஆயினும் போனேன். அவன் தந்தை வாசலிலே வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன்னே அவர் கேட்டுவிட்டார்: "தொண்ணூறிலே நாங்கள் நடந்தது போதாதா, சேர்? இவன் வேறு ஓட வேணுமா?"

எனக்கு மறுமொழி வரவில்லை.

1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். சிலர் லொறியில் வந்தனர், சிலர் தோணியிற் கற்பிட்டிக் கரையில் இறங்கினர், பலர் வழியின் பெரும்பகுதியைக் காலாலேயே அளந்தனர். அவர்களுள் ஒரு தொகையினர் எங்கள் தில்லையடியிலும் வந்து தங்கினர். அப்பொழுது எனக்கு இருபது வயது. கிடுகுக் கொட்டில்களுக்கு இடையே தண்ணீர் சுமந்து திரிந்தவர்களில் நானும் ஒருவன். முகங்கள் பல மறந்துபோயின, கால்கள் மறக்கவில்லை. வீங்கி, வெடித்து, சீலைத்துணி சுற்றிய கால்கள். இந்த மாணவனுடைய தந்தை அன்று பதினைந்து வயதுப் பையன். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர். அவர் கேட்ட கேள்வியை, 'காலத்துக்கு ஒவ்வாத பேச்சு' என்று எந்த உடற்பயிற்சி ஆசிரியரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் மகனுடைய ஆசையையும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இக்கட்டுரை அந்த இரண்டுக்கும் நடுவே நின்று எழுதுவது.

முதலில் இவ்வோட்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மரதன் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊரின் பெயர். அவ்வூர்ப் பெயரால் வழங்கும் ஓட்டத்தின் நீளம் 42.195 கிலோமீற்றர் என்பதை மாணவர் அறிவர். அந்த அளவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் அமைந்தது; நிலைபெற்றது 1921இல். அதற்கு மேற்பட்ட தூரத்தையெல்லாம் 'அல்ட்ரா மரதன்' என்கிறார்கள். அல்ட்ரா என்பது 'அப்பால்' எனப் பொருள்தரும் இலத்தீன் சொல். நாம் 'நெடுவோட்டம்' என்றால் போதும். மலையில் நிகழ்வது மலைநெடுவோட்டம்.

இது தோன்றிய கதைகளுள் ஒன்று சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளிலே நூறு மைல் தூரத்தை 24 மணி நேரத்துள் கடக்கும் குதிரைப் பந்தயம் ஒன்று உண்டு. 1973இல் அதிற் கலந்துகொண்ட கோர்டி எய்ன்ஸ்லி என்பவருடைய குதிரை வழியில் நொண்டிவிட்டது. மறு ஆண்டு அவர் குதிரையில்லாமலே வந்தார். குதிரைகளோடு தாமும் ஓடினார். 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அன்று தொடங்கியது ஒரு பெருவழக்கு. இன்று அல்ப்ஸ் மலையில், மொன் பிளாங் சிகரத்தைச் சுற்றி, பிரான்சு, இத்தாலி, சுவிற்சர்லாந்து என்னும் மூன்று நாடுகளைத் தொட்டு 170 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறார்கள். 2003இல் தொடங்கிய அவ்வோட்டத்தில் ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் பத்தாயிரம் மீற்றர் வரும். நமது பீதுருதாலகால மலையைக் கடல்மட்டத்திலிருந்து நான்கு முறை ஏறினாற்போல. கெடு 46½ மணி. இந்தியாவின் லடாக்கிலே 2012 முதல் நடைபெறும் 72 கிலோமீற்றர் ஓட்டம் 17,000 அடிக்கு மேற்பட்ட கர்துங் லா கணவாயைக் கடந்து செல்கிறது.

இவற்றை ஆசிரியர் ஓய்வறையிற் சொன்னபோது நண்பர் ஒருவர், "வயிறு நிறைந்த வெள்ளைக்காரன் செரிமானத்துக்குச் செய்கிற வித்தை, நமக்கேன்?" என்றார். மற்றவர்கள் சிரித்தனர். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு முன்னே, இந்தப் புத்தளத்திலிருந்தே மலைக்குப் புறப்பட்ட ஒருவரை நண்பர் மறந்துபோனார்.

1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா நமது கரையில் இறங்கினார். புத்தளத்தை அவர் 'பத்தாலா' என்று எழுதுகிறார். அப்பொழுது இங்கே தங்கியிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, "என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, யாத்திரிகர் முத்துக் கேட்கவில்லை, பாவா ஆதம் மலைக்குப் போக வழி கேட்டார். மன்னன் கொடுத்தது வெறும் அனுமதியன்று. ஒரு பல்லக்கு, அதைச் சுமப்பவர்கள், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்குத் தமிழ் மன்னன் யோகியரை வழிகாட்டிகளாகக் கொடுத்து அனுப்பிய செய்தி இது. இதை நம் பிள்ளைகள் இன்று பாடமாகப் படிக்க வேண்டிய காரணத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அம்மலை வழியைப்பற்றி அவர் எழுதியவற்றுள் மூன்று செய்திகள் ஓட்டக்காரர்க்கு உரியவை. ஒன்று, அட்டை. மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டையைப்பற்றி எழுதி, அதற்கென்று மக்கள் தேசிக்காயை ஆயத்தமாக வைத்திருந்து பிழிந்துவிடுவர் என்கிறார். எழுநூறு ஆண்டு ஆகப்போகிறது; மலைநாட்டில் மருந்து இன்றும் அதுவே. இரண்டு, வழி இரண்டு உண்டென்பது. எளிய வழி மாமாவின் பெயரால் வழங்குவது. அரிய வழி பாவாவின் பெயரால் வழங்குவது. எளிய வழியால் ஏறி இறங்கியவனை யாத்திரை செய்தவனாக மக்கள் மதிப்பதில்லை என்று எழுதுகிறார். எளிதான தார்வீதி இருக்கக் கரடுமுரடான பாதையை நாடுவது நேற்று வந்த மோகமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மூன்று, பாறையிலே பிணைத்த இரும்புச் சங்கிலிகள். அவற்றுட் பத்தாவதுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என்று அஞ்சிக் கலிமாச் சொல்லுவானாம்.

இனி என் சொந்த நிலத்துக்கு வருகிறேன். மலையில் நெடுந்தூரம் செல்வோர்க்கு எழுந்த வழிநூல் எந்த மொழியில் முன்னே உண்டாயிற்று என்று விவாதிக்க நான் வரவில்லை. ஆனால் பத்துப்பாட்டிலே மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு இருக்கிறது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி, கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனிடத்துப் பரிசில் பெற்று வந்த கூத்தன், பெறப்போகும் கூத்தனுக்கு வழி சொல்லுகிறான். நாங்கள் பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலத்தில் இதனை வருணனைக்காகவும் அருஞ்சொற்களுக்காகவும் படித்தோம். கேள்வித்தாளிலும் அவையே வந்தன. இது வழி சொல்லும் பாட்டு என்பதை, வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், இந்த மாணவன் வந்த பிறகே நான் உணர்ந்து படித்தேன்.

அந்தக் கூத்தர்கள் வெறுங்கையராய்ப் போகவில்லை. முழவும் பிற கருவிகளும் பையிற் கட்டிச் சுமந்து போகிறார்கள். குழுவிலே பெண்கள் இருக்கிறார்கள், சிறுவர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும்; பகலிற் போ. பாம்பு ஒடுங்கிய குழி இருக்கும். ஒருவர்பின் ஒருவராகக் கவனித்துப் போ. தினைப்புனம் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரத்தின் மறைவிலே ஒதுங்கிப் போ. பாசி மூடிய இடத்தில் அடி வழுக்கும். மூங்கிற்கோலையும் நாணலையும் பற்றிக்கொண்டு போ. இருட்டினால் மலைக்குகையில் தங்கி, விடியலில் எழுந்து புறப்படு. காட்சிகளில் மனம் செலுத்தி வழி தவறிவிடாதே என்பதும் உண்டு. கையிலே கைத்தொலைபேசி கொண்டு மலைமுகட்டில் நின்று படம் பிடிக்கிறவர்களை அந்தப் புலவர் எங்கே கண்டார் என்று நினைத்துச் சிரித்தேன்.

இவையெல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. பல வழிகள் கூடும் சந்தியிலே, அவ்விடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து அடையாளமிட்டுப் போ என்கிறான் வழிசொல்லி. ஏன்? பின்னே வருகிறவன் இடத்துக்குப் புதியவன். அவன் வழி தவறக்கூடாது. இன்று மலையோட்டம் நடத்துவோர் மரக்கிளைகளில் வண்ண நாடா கட்டுகிறார்கள். முந்தின நாளே ஆள் போய்க் கட்டி வருகிறார்களாம். அந்த நாடாவைக் காட்டும் படம் மாணவனின் தாளில் இருந்தது. நாடாவை வழிநெடுகத் தேடிக்கொண்டு ஓடவேண்டும், காணாவிட்டால் நின்று திரும்ப வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. புல் முடிந்த கைக்கும் நாடா கட்டிய கைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு.

உணவையும் புலவர் மறக்கவில்லை. மலைச்சிற்றூரிலே நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும், ஆயர் குடியிருப்பிற் பாற்சோறு கிடைக்கும், இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இன்றைய ஓட்டங்களிலே ஐந்து பத்து மைலுக்கு ஒரு பந்தல் போட்டு வாழைப்பழமும் அவித்த கிழங்கும் உப்பும் வைக்கிறார்களே, அதுதான்.

பயிற்சியைப்பற்றியும் சில சொல்ல வேண்டும். ஏனெனில் தந்தையின் அச்சத்தில் நியாயமான பகுதி இங்கேதான் இருக்கிறது. புத்தளம் தட்டை நிலம். உப்பளமும் களப்பும் தென்னந்தோப்புமே எங்களுக்கு மலை. மாணவன் ஒன்றரை ஆண்டாகக் களப்போர மணலில் ஓடுகிறான். கச்சான் காற்றுக்கு எதிர்முகமாக ஓடுகிறான். பழைய பாடசாலையின் மாடிப்படியில் ஏறி இறங்குகிறான். மாதத்துக்கு இருமுறை பஸ்ஸேறிக் குருநாகல் யானைப்பாறைக்குப் போகிறான். ஓடிக்கொண்டே பேச முடியாத வேகத்தில் ஓடுவதில்லை என்றான். அது நல்ல அளவு. நெடுவோட்டக்காரனுக்கு வேண்டியது மூச்சு வாங்கும் வேகமன்று. நாளெல்லாம் செல்லும் நிதானம். செங்குத்தான ஏற்றத்தில் உலகத்துத் தலைசிறந்த ஓட்டக்காரர்களே நடக்கிறார்கள், அதிலே வெட்கமில்லை.

அறியாதவர் ஏற்றத்துக்கு அஞ்சுவர். அறிந்தவர் இறக்கத்துக்கு அஞ்சுவர். இறங்கும்போது தொடைத்தசை உடம்பின் பாரத்தைத் தாங்கித் தடுத்தபடியே நீளுகிறது. அந்த வேலையில் தசைநார்கள் நுண்ணிதாக அறுகின்றன. மறுநாள் கதிரையிலிருந்து எழ முடியாமற் செய்வது இதுவே. இறக்கத்திற் சிறிது சிறிதாகப் பழகிய தசை அடுத்தமுறை அவ்வளவு கெடுவதில்லை. மாடிப்படியில் ஏறுவதைவிட இறங்குவதைக் கணக்கிட்டுச் செய் என்று அவனிடம் சொன்னேன். அவன் எனக்கு முன்னே அறிந்திருந்தான். ஆசிரியர்களுக்கு இப்படி நேர்வது நல்லதுதான்.

தண்ணீர் விஷயம் வேறு. "தாகமோ இல்லையோ குடி" என்பது பழைய அறிவுரை. அது உயிருக்கு ஆபத்தானது என்பது இன்று தெளிந்த உண்மை. மணிக்கணக்காக ஓடுகிறவன் வெறுந்தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலை மயங்கும், வலிப்பு வரும், சாவும் வரலாம். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். வியர்த்துக் கரைந்த உப்பை உணவோடு சேர்க்க வேண்டும், ஆனால் உப்புத் தின்றதனாலே அளவின்றிக் குடிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அவன் பையிலே சின்னதோர் உப்புப் பொட்டலம் கண்டேன். எங்கள் ஊரிலே விளைந்தது.

இவ்வளவும் ஓடுகிறவன் பொறுப்பு. ஓட்டுகிறவர் பொறுப்பு ஒன்றுண்டு. அதையே நான் வற்புறுத்த வருகிறேன். 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், சீன தேசத்துக் கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுப் பக்கத்து மலையில் நூறு கிலோமீற்றர் ஓட்டம் நடந்தது. ஓடியோர் 172 பேர். மெல்லிய சட்டை, அரைக்காற்சட்டை. நண்பகலளவில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒருங்கே வந்தன. காற்றைத் தாங்கும் மேலாடையைக் கட்டாயப் பொருளாக நடத்தினோர் விதிக்கவில்லை. உதவி எளிதில் எட்டாத செங்குத்து ஏற்றத்தில் ஓடுவோர் அகப்பட்டனர். 21 பேர் குளிரில் விறைத்து இறந்தனர். சீனத்தின் முன்னணி நெடுவோட்டக்காரர் சிலரும் அதிலே மாண்டனர்; ஆதலால் பயிற்சிக் குறைவு என்று சொல்லித் தப்ப இயலாது. அங்கே ஆறு உயிர்களைக் காத்தவர் யார்? சூ கமிங் என்னும் ஆட்டிடையர் ஒருவர். மழைக்கு ஒதுங்கும் தமது குகையிலே துணியும் போர்வையும் சேமித்து வைத்திருந்தவர். அந்தக் குகைக்கு ஓட்டக்காரரைக் கொண்டுபோய், நெருப்பு மூட்டி, ஈர ஆடையைக் களைந்து போர்த்திவிட்டார். பெருங்கௌசிகனார் சொன்ன குகையும் அவர் சொன்ன ஆயரும் அன்று அந்த மலையில் இருந்தனர். ஓட்டத்தை நடத்தினோர் திட்டத்திலே மட்டும் இல்லை.

நமது மலைநாட்டில் அந்த இடையருக்கு நிகரானவர் யார்? தோட்டத்து மக்களே. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹற்றன், அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களைத் தொட்டு நுவரெலியாவில் முடியும் 'பீகோ' நெடும்பாதை என்று ஒன்று 2023 முதல் பேசப்படுகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து ஆக்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பாதைகளை வெட்டியவர்களும் அவற்றிலே கொழுந்துக் கூடையோடு நாள்தோறும் ஏறி இறங்குபவர்களும் யார் என்பதை ஓடுகிறவன் அறிந்திருக்க வேண்டும். அவர்தம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியோரத்திலே விழுந்தவர் பலர்; அவர்களுக்கு வழியிற் பந்தல் இல்லை, நாடா இல்லை. அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் முடித்து மக்கள் நடந்தபோது, பத்திரிகையிற் படம் பார்த்தேன். எனக்கு மறுபடியும் கால்களே கண்ணிற் பட்டன.

ஆகவே ஓட்டம் நடத்துவோர்க்கு என் கருத்து இது. எந்தச் சரிவில் குளவிக் கூடு இருக்கிறது, எந்த ஓடை மழைபெய்து அரைமணியில் பெருகும், எந்தத் திருப்பத்தில் மண் சரியும், எங்கே சிறுத்தை நடமாட்டம் என்பதெல்லாம் கொழும்பிலே வரைபடம் பார்ப்பவருக்குத் தெரியாது. லயத்திலே இருப்பவருக்குத் தெரியும். ஒவ்வொரு சந்தியிலும் அத்தோட்டத்தார் ஒருவரைக் கூலி கொடுத்து நிறுத்துங்கள். இனாமாக வந்து கைதட்டும்படி கேளாதீர்கள்; ஒருநாள் பேர் விழாவிட்டால் அவர்களுக்கு அன்றைய சம்பளம் இல்லை. காற்றுக்கும் மழைக்கும் மேலாடை, தலைவிளக்கு, ஊதுகுழல் இல்லாதவனைத் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்புங்கள். அவன் அழுதாலும் அனுப்புங்கள். வானம் கெட்டால் ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். அவர் பணம் வாங்கிய பகுதியைச் சேராதவராக இருக்கட்டும்.

பாடசாலைகளுக்கும் ஒன்று. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் ஆண்டுக்கொருமுறை மரதன் ஓட்டம் என்று பிள்ளைகளைத் தார்வீதியிலே, வெயிலிலே, பயிற்சியின்றி ஓடவிடுகிறோம். பிறகு ஆண்டு முழுவதும் அந்தப் பேச்சே இல்லை. மலைக்குப் பெயர் கொடுத்த மாணவனைப் பைத்தியம் என்பவர்கள் இதனைப் பைத்தியம் என்று சொல்லக் கேட்டிலேன்.

இரண்டாம் முறை அந்தத் தந்தையிடம் போனபோது, மலைபடுகடாத்தைப்பற்றியும் இப்னு பதூதாவைப்பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். வவுனியாவுக்கு இப்பால், பெயர் தெரியாத ஓர் இடத்திலே, ஒரு மனுஷி குடத்தோடு தெருவோரத்தில் நின்றாளாம். யாரென்று கேட்கவில்லை, மொழியும் விளங்கவில்லை. போகிற எல்லாருக்கும் வார்த்தாளாம். அந்தத் தண்ணீர் குடித்த பிறகுதான் தங்கை அழத் தொடங்கினாள், அதுவரை அழவும் சீவன் இருக்கவில்லை என்றார்.

"அவனும் நானும் ஒன்றா, தம்பி? நீங்கள் ஓட வைக்கப்பட்டவர், அவன் தானே ஓடப் போகிறவன்," என்றேன்.

"அது சரி சேர். ஆனால் இருட்டின பிறகு அந்த வழியிலே யார் நிற்பார்கள்? அதை ஒருவர் எழுத்தில் தரட்டும். தந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்."

வலையைக் கீழே வைக்காமலே இதைச் சொன்னார். நியாயமான கேள்வி. ஓட்டத்தை நடத்துவோர்க்கு மாணவன் பெயராலும் என் பெயராலும் கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தெந்தச் சந்தியில், எத்தனை மணி வரையில், யார் நிற்பார் என்று கேட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. ஓட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. பையன் நாள்தோறும் விடியுமுன் களப்போரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்.